சனிக்கு நேரே நிற்காதவர்

என் கணவர் லொறி ஓட்டுகிறவர். புனாணைக் காட்டுக்குள் யானை குறுக்கே வந்து நின்றால், எஞ்சினை நிறுத்திவிட்டு, அது தானாக விலகும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு இருப்பார். பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடினாலும் முன்சில்லு எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து வண்டியைக் கரைசேர்த்துவிடுவார். அப்படிப்பட்ட மனுசன் பயப்படுவது ஒரே ஒருவருக்குத்தான். நான் என்று நினைத்தால் பிழை. சனீஸ்வரனுக்கு.

கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றும்போது அவரைப் பார்க்கவேண்டும். மற்ற எட்டுப் பேரையும் ஆறுதலாகக் கும்பிடுவார். சனியிடம் வந்ததும் உடம்பு ஒரு பக்கம் திரும்பிவிடும், பார்வை தரைக்குப் போய்விடும். சனிக்கு நேரே நிற்கக்கூடாது, ஒதுங்கி நின்றுதான் கும்பிடவேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நின்றிருக்கிறேன். ஆனால் இவருடைய ஒதுக்கத்தில் ஒரு தனிக் கவனம் இருக்கும். ஒரு திருவிழாவில் பின்னால் நின்றவர்கள் நெருக்கித் தள்ளியதில் சனிக்கு நேரே போய் நின்றுவிட்டார் என்பதற்காக, வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலைமுழுகியவர்.

அவருக்கு வாய்த்த பெண்சாதிக்கோ சனியைப் பார்ப்பதுதான் வேலை.

உண்மையான வேலை வேறு. நான் மட்டக்களப்பு ரவுணில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். லென்ஸைச் சட்டத்துக்கு அளவாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து, அதன் நடுப்புள்ளி கண்மணிக்கு நேரே வரும்படி பொருத்திக் கொடுப்பது என் பாடு. அரை மில்லிமீற்றர் விலகினாலும் எனக்குக் கோபம் வரும். முதலாளி, "போதும், விடுங்க" என்றால் கோபம் இன்னும் கூடும். இருபது வருடமாக மற்றவர்களுடைய கண்ணுக்கு வழிசெய்து கொடுத்த எனக்கு, என் கண்ணுக்கென்று ஒரு பெரிய கண்ணாடி வேண்டும்போல இருந்தது. கொழும்பில் வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பும் ஒருவர் தன்னுடைய தொலைநோக்கியைக் கொடுக்க இருக்கிறார் என்று இணையத்தில் கண்டேன். அடியில் ஆறு அங்குல அகலக் குழியாடி, அதைச் சுமக்கும் நீளக் குழாய், குழாயை ஏந்தி நிற்கும் மரப்பெட்டி. அவ்வளவுதான். மின்சாரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. கையால் தள்ளித்தான் திருப்பவேண்டும்.

அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தவரே என் கணவர்தான். திரும்பி வரும் நடையில், பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியில் புனாணையில் பின்ரயர்களில் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கொட்டுகிற மழையில் அந்தக் காட்டில் விடியும்வரை நின்றுவிட்டு, நனைந்த கோழியாக வீட்டுக்கு வந்து, பெட்டியை முற்றத்தில் இறக்கிவைத்து, "இந்தா, உன்ட குழாய்" என்றார். அடுத்த மாதமே சாத்திரியார் அவருக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாம் கணக்காகப் பொருந்திப் போயிற்று. கியர்பெட்டி உடைந்தது, சனி. தேங்காய் விழுந்து முன்கண்ணாடி வெடித்தது, சனி. அந்தத் தென்னை எங்கள் கல்யாணத்துக்கு முந்தியே அங்கே நிற்கிறது, அதிலிருந்து தேங்காய் விழாத மாதமில்லை, அதற்குக் கீழே லொறியை நிறுத்தாதீர்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்லியும் இருக்கிறேன். கேட்டால்தானே.

எங்கள் வீடு வாவிக்கரையில் இருக்கிறது. அக்கரையில் வவுணதீவுப் பக்கத்து வயல்கள். மேற்கே மறைக்க ஒரு கட்டடம் இல்லை. கிழக்கே தென்னைகள் கொஞ்சம் தகராறு செய்யும், மற்றப்படி வானம் முழுக்க எங்களுடையது. முன்னொரு காலத்தில், சண்டை நடந்த வருடங்களில், இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் வானத்தைப் பார்த்து ஒரு குழாயை நிறுத்திவைக்க எவருக்கும் துணிச்சல் வந்திருக்காது. இப்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு என்ன தெரியுதாம்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

எங்களுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. கோள்கள் எங்கள் தலைக்கு மேலால் போகின்றன. குளிர்நாட்டில் இருக்கிறவர்களுக்குச் சனியும் வியாழனும் எத்தனையோ வருடங்கள் கூரைவிளிம்பில் தவழ்ந்துதான் போகுமாம். அடிவானத்துக் கலங்கல் காற்றுக்குள்ளால்தான் அவர்கள் பார்க்கவேண்டும். நாங்கள் கழுத்தை அண்ணாந்தால் போதும். இதை முதன்முதலாக வாசித்தபோது, ஏதோ நானே ஏற்பாடு செய்து கொடுத்ததுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்ணால் பார்ப்பதில் பிரச்சினை இருக்கவில்லை. முதல்நாளே வளையத்தைக் கண்டேன். கண்டதும் அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. பிரச்சினை படம் எடுப்பதில்தான் வந்தது. கண் பார்த்துக்கொண்டே இருக்கும், காற்று ஒரு நொடி அடங்கும்போது பிடித்துக்கொள்ளும். கைபேசிக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் எடுத்த படங்களில் சனி, அடித்து ஊற்றிய முட்டைபோல இருந்தது. சொந்தக்காரருடைய கல்யாண வீட்டில் ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ரோட்டு லைற்றா அக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

குற்றம் முற்றத்து மணலில் என்று முடிவுகட்டினேன். எங்கள் வளவு வெள்ளை மணல். குழாயைத் தள்ளுகிறபோது மரப்பெட்டியின் கால் மணலுக்குள் புதையும், படம் ஆடும். மணலை வாரிக் கிணற்றடியில் குவித்துவிட்டு, பன்னிரண்டு அடி சதுரத்துக்குச் சீமெந்து போடுவிக்க ஏறாவூரிலிருந்து ஒரு மேசனைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக் குசினியைக் கட்டித் தந்தவரும் அவர்தான். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன தங்கச்சி, லொறியா நிப்பாட்டப் போறீங்க?"

"இல்ல நானா. இதுல நிண்டு சனியப் பாக்கப் போறன்."

அவர் சாந்து அகப்பையை வைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். மறுபடி அகப்பையை எடுத்துக்கொண்டு, "அப்ப நல்ல இறுக்கமாப் போட்டுத் தாறன்" என்றார். சொன்னபடி செய்தார். கண்ணாடிபோல வழித்து, கறுப்புச் சீமெந்தும் பூசி, பளபளவென்று ஒரு தளம். நான் வெறுங்காலோடு அதில் நடந்து பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

அதற்குப் பிறகு சனி முன்னைவிட மோசமாக ஆடியது.

ஆவணி முடிகிற நேரம் கணவர் பேச்சை எடுத்தார். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் அவர் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்து, பின்னேரம் கோயிலில் எள்ளெண்ணெய் எரிப்பார். அந்த வருடம் விரதம் மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"இஞ்ச பாரு புள்ள. புரட்டாதிக் கடைசிச் சனியோட இந்தக் குழாய் வளவ விட்டுப் போகணும். திருகோணமலையில ஒரு வாத்தியார் கேட்டிருக்கார். அந்தப் பக்கம் நடை போகக்குள்ள ஏத்திக்கொண்டு போறன்."

"சாத்திரியார் சொன்னவரா?"

"அவர் சொல்லல்ல. போகட்டுமா எண்டு நான் கேட்டன். வேணாமெண்டு அவர் சொல்லல்ல."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கையில் இருந்த அரிசிச் சுளகை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னேன்: "கடைசிச் சனிக்குள்ள வளையம் தெளிவாத் தெரியிற படம் ஒண்டு எடுத்துக் காட்டுறன். எடுத்தா இது இஞ்சதான் நிக்கும். எடுக்காட்டி நானே பெட்டியில வச்சுக் கட்டித் தாறன்."

என்னுடைய முட்டைப் படங்களை எல்லாம் அவர் பார்த்திருக்கிறார். அதனால் யோசிக்காமல், சிரித்துக்கொண்டே "ஓம், சரி" என்றார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

நான்கு சனிக்கிழமைகள். நடுவில் வருகிற நாட்களும் எனக்குத்தான். கடை விட்டு வந்து, குளித்து, ஏழு மணிக்கெல்லாம் முற்றத்தில் நிற்பேன். புரட்டாதியில் அந்நேரம் சனி தென்னைகளுக்கு மேலே வந்துவிடும். அந்த வருடங்களில் அதன் வளையம் எங்களுக்கு ஒடுங்கித் தெரிகிற காலம், ஒரு தட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பதுபோல. ஏற்கனவே மெல்லியது, அதுவும் நெளிந்தால் என்ன மிஞ்சும்?

கோளைப் படம் எடுக்கிற விதம் ஒரே கிளிக்கில் முடிகிற காரியமில்லை. பார்க்கும் வில்லையோடு கைபேசியைக் கவ்வி வைத்து வீடியோ எடுக்கவேண்டும். ஒரு வீடியோவில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். அவற்றில் காற்று அடங்கிய கணங்களில் விழுந்த நல்ல படங்களைக் கணினி பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். அடுக்க அடுக்கக் கலங்கல் வடிந்து உருவம் தெளியும். ஆனால் பொறுக்குவதற்குக் கொஞ்சமாவது நல்லது இருக்கவேண்டும். முதல் சனிக்கிழமை எடுத்த மூவாயிரத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

குற்றம் ஆடியில் என்று இப்போது முடிவுகட்டினேன். பார்க்கிறீர்கள்தானே, குற்றம் எப்போதும் எங்காவது இருந்தது, என்னிடம் மட்டும் இல்லை. கடையிலிருந்து சின்னத் திருப்புளியைக் கொண்டுவந்து ஒரு கிழமையாக ஆடியின் திருகாணிகளோடு மல்லுக்கட்டினேன். நடுப்புள்ளி அணுவளவும் விலகாமல் வைத்தேன். என் தொழில் அது, எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இரண்டாவது சனிக்கிழமை, நடுப்புள்ளி சரியாக இருந்த குழாய்க்குள் சனி உலைநீருக்குள் விழுந்த காசுபோலத் தளும்பியது. அந்தக் குழாயை அப்படியே வாவிக்குள் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை என் கணவர் கோயிலால் வந்தார். ஒருநேரச் சாப்பாடு, நெருக்கத்தில் நின்ற களைப்பு. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, லொறிக்காரருக்கே உரிய முறையில், எங்கே இடம் கிடைத்ததோ அங்கேயே மல்லாந்து படுத்தார். இடம் கிடைத்தது என்னுடைய சீமெந்துத் தரையில். படுத்த வேகத்தில் துள்ளி எழும்பினார்.

"எம்மாடி! முதுகு வேகுதுகா!"

"பகல் முழுக்க வெயில் குடிச்ச தரை. சுடாம என்ன செய்யும்?" என்றேன், குழாயை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "உன்ட சனி இப்ப எப்பிடி நெளியுது?" என்று கேட்டார்.

கையால் காட்டினேன்.

"வெலிக்கந்த ரோட்டுல மத்தியானம் முன்னால வாற பஸ்ஸும் அப்பிடித்தான் நெளியும். தார் சூடு. மழை பெஞ்சு ரோட்டு குளிந்தா நெளியாது." இதைச் சொல்லிவிட்டு அவர் பாயை எடுத்துவந்து, சீமெந்து போடாத மணலில் விரித்துப் படுத்துக்கொண்டார்.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். செருப்பைக் கழற்றிச் சீமெந்தில் காலை வைத்தேன். சூடு உள்ளங்காலில் ஏறியது. ஏழரை மணிக்கு அந்தத் தளம் அடுப்புக் கல்லுப்போல இருந்தது. அதிலிருந்து கிளம்புகிற சுடுகாற்று குழாய்க்கு முன்னால் நெளிந்து நெளிந்து மேலே போகிறது, நான் அதற்குள்ளால் சனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய மணல் இருட்டுப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். அந்த நல்ல மணலை வாரிக் கொட்டிவிட்டு, ஒரு தோசைக்கல்லை ஊற்றி, மேலே கறுப்பும் பூசி, அதற்கு நடுவில் போய் நின்றவள் நான். இருபது வருடம் லென்ஸோடு வாழ்ந்த எனக்குத் தெரியவில்லை. சனியை ஏறெடுத்தும் பார்க்காத மனுசனுக்கு அவருடைய முதுகு சொல்லிவிட்டது. வெட்கமும் கோபமும் சந்தோசமும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளன எழும்பி அலவாங்கை எடுத்தேன். முதல் குத்துக்கே வளவு அதிர்ந்தது. கணவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"விசரா புள்ள உனக்கு? போட்டு ரெண்டு மாசம் ஆகல்ல!"

"சுறுக்கா நீங்களும் ஒண்ட எடுங்க."

நல்ல இறுக்கமாகத்தான் போட்டிருந்தார் மேசன். ஒரு மணித்தியாலம் இடித்தும் ஒரு மூலைதான் பெயர்ந்தது. அடுத்த ஒழுங்கையில் வேலையாக நின்ற மேசனுக்கு யாரோ செய்தி சொல்லிவிட்டார்கள். சைக்கிளில் வந்து இறங்கி, இடிபட்ட தளத்தைப் பார்த்து அவருடைய முகம் கறுத்துவிட்டது.

"தங்கச்சி, நான் போட்ட கலவையில பிழையா?"

"கலவை நல்லம் நானா. நல்லம் எண்டதுதான் பிரச்சினை. சூட்டப் பிடிச்சா விடுதில்ல."

அவர் இதை எப்படி விளங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. "போட்டவனுக்குத்தான் உடைக்கவும் தெரியும்" என்று அலவாங்கை என் கையிலிருந்து வாங்கி, எந்த இடத்தில் அடித்தால் எவ்வளவு பெயரும் என்று காட்டினார். மத்தியானத்துக்குள் மூன்று பேருமாக முழுத்தளத்தையும் பெயர்த்து வேலியோரம் அடுக்கிவிட்டோம். கிணற்றடியில் கிடந்த மணலை வாரிவந்து பழையபடி பரப்பினோம். மரப்பெட்டியின் மூன்று காலும் புதையாமல் இருக்க, உடைந்த சீமெந்தில் உள்ளங்கையளவு துண்டுகள் மூன்றை மட்டும் எடுத்துப் பதித்தேன். அவ்வளவு போதுமாக இருந்தது. அவ்வளவு மட்டும் முதலே பதித்திருந்தால் இந்தப் பாடெல்லாம் இல்லை. கை இரண்டும் கொப்பளித்திருந்தன, ஆனால் அவ்வளவு சந்தோசமாக நான் ஒரு வேலை செய்ததில்லை.

கடைசிக் கிழமை வானம் என்னோடு சேரவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் உன்னிச்சைப் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்து, இடித்து, எட்டுமணிவரை தூறும். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, வெள்ளியும் போயிற்று. தொலைநோக்கி வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கணவர் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டி விறாந்தையில் வைத்தார். திங்கட்கிழமை திருகோணமலைக்கு நடை. அந்தப் பெட்டியைக் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் வானத்தை எட்டிப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவள் நான். மாறிப் பேசுகிற பழக்கமும் எனக்கு இல்லை.

கடைசிச் சனிக்கிழமை மழை மத்தியானமே பெய்து ஓய்ந்துவிட்டது. நான்கு மணிக்கு வானம் கழுவித் துடைத்ததுபோல நின்றது. மணல் நனைந்து குளிர்ந்து கிடந்தது. குழாயும் முற்றத்துக் குளிருக்குப் பழகட்டும் என்று வெளியே தூக்கி வைத்துவிட்டு, கணவரோடு கோயிலுக்குப் போனேன். எள்ளுப்பொட்டலம் கட்டி எரிக்கிறவர்களின் கூட்டம், எண்ணெய்ப் புகை, தள்ளுமுள்ளு. எல்லோரும் சனிக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். வெளிவீதிக்கு வந்து நான் அண்ணாந்து பார்த்தேன். கிழக்கே மண்டபக் கூரைக்கு மேலே அவர் மங்கிய மஞ்சளாக, மினுங்காமல், ஆறுதலாக நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஏழரை மணிக்குக் குழாயைத் திருப்பிக் கண்ணை வைத்தேன்.

அசையவில்லை. உருண்டை உருண்டையாக இருந்தது. அதன் இரண்டு பக்கமும் வளையம் ஊசியால் கீறியதுபோல நீட்டி நின்றது. வளையத்தின் நிழல் உருண்டையின் மேல் ஒரு மயிர்க்கோடாக விழுந்திருந்தது. கொஞ்சம் தள்ளி அதன் பெரிய நிலவு ஒரு புள்ளியாக. இரண்டு வருடத்தில் நான் அப்படி ஒரு சனியைக் கண்டதே இல்லை.

"இஞ்சேருங்க! சுறுக்கா வாங்க!"

வந்தார். எனக்கு அவர் தேவைப்பட்டது பார்ப்பதற்கு இல்லை, தள்ளுவதற்கு. பூமி சுற்றுவதால் சனி அரை நிமிடத்துக்குள் வில்லையை விட்டு ஓடிவிடும். கைபேசியையும் பிடித்து, வெளிச்சத்தையும் குறைத்து, குழாயையும் தள்ள எனக்கு இரண்டு கை போதாது. "நான் சொல்லச் சொல்ல ஒரு நூல் ஒரு நூலாத் தள்ளினாச் சரி. நீங்க ஒண்டையும் பாக்கத் தேவையில்ல."

அவர் குழாயின் பக்கத்தில் வந்து நின்று, ஒரு கையை அதில் வைத்து, முகத்தைக் கிணற்றடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோயிலில் நிற்கிற அதே நிலை. அதே சரிந்த தோள், அதே தாழ்ந்த கண். நான் அதைப் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டேன். நானும் கிணற்றடியைப் பார்த்துத்தான் நின்றேன்.

இந்தக் குழாயில் பார்க்கிற வில்லை நுனியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. வெளிச்சம் அடியில் உள்ள ஆடியில் பட்டுத் திரும்பி, மேலே ஒரு சின்னக் கண்ணாடியில் மடங்கி, பக்கத்தால் வெளியே வருகிறது. சனி கிழக்கே நிற்க, பார்க்கிறவர் வடக்கே, கிணற்றடிப் பக்கம், திரும்பி நின்றுதான் பார்க்கவேண்டும். இரண்டு வருடமாக நான் ஒருநாளும் சனிக்கு நேரே நின்றதில்லை. ஒதுங்கித்தான் நின்றிருக்கிறேன்.

"இஞ்சேருங்க. சனி எங்க நிக்குது?"

பார்க்காமலே கையை மட்டும் கிழக்கே காட்டினார்.

"உங்கட முகம் எங்க பாக்குது?"

"கிணத்தடியப் பாக்குது."

"அப்பிடியே நில்லுங்க. திரும்ப வேணாம். குனிஞ்சு இந்த ஓட்டைக்குள்ள கண்ண வையுங்க. நீங்க சனிக்கு நேர நிக்கல்ல. பக்கத்தாலதான் நிக்கிறீங்க. கண்ணாடியில விழுந்த நிழலத்தான் பாக்கப் போறீங்க."

அவர் கிழக்கே ஒருமுறை, கிணற்றடியை ஒருமுறை, குழாயை ஒருமுறை பார்த்தார். மனதுக்குள் ஏதோ அளந்தார், ஒடுங்கிய பாலத்தில் லொறியை விடுவதற்கு முன் அளப்பதுபோல. பிறகு செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டினார். குனிந்தார்.

ஓடிப்போன சனியை நான் இரண்டு முறை தள்ளிப் பிடித்துக் கொடுத்தேன்.

"வளையம் மெய்யாவே கிடக்குகா," என்றார் கடைசியில், கண்ணை எடுக்காமல். "நான் என்னவோ பெரிய கறுப்பா, ஒரு மாதிரி இருப்பார் எண்டு நினைச்சன். இவர் தன்ட பாட்டுக்கு, ஒரு கரைச்சலும் இல்லாம நிக்கிறாரே."

"நானும் அதத்தானே இவ்வளவு நாளாச் சொல்றன்" என்று சண்டைக்குப் போக நல்ல சந்தர்ப்பம். விட்டுவிட்டேன்.

அதன்பிறகு தள்ளுகிற வேலையை நான் சொல்லிக்கொடுக்கவேண்டி இருக்கவில்லை. கைபேசித் திரையில் சனி ஒரு கரைக்கு ஒதுங்குவதற்கு முன்பே அவருடைய விரல் குழாயை ஒரு மயிரிழை நகர்த்தும். நெருக்கமான சந்தைத்தெருவில் பத்துச் சில்லு லொறியைப் பின்னுக்கு எடுக்கிற கை அது. நான் தனியே தள்ளும்போது ஒவ்வொரு தள்ளலுக்கும் படம் குலுங்கும். அவர் தள்ளியது திரையில் தெரியவே இல்லை. பதினொரு வீடியோ எடுத்தோம். ஒன்பது மணிக்கு முன்பே மேகம் வந்து மூடியது. மூடட்டும் என்றேன்.

ஞாயிறு காலை மடிக்கணினியில் பொறுக்கி அடுக்கினேன். படம் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. மஞ்சள் உருண்டை, அதில் மங்கலான ஒரு பட்டை, இரு பக்கமும் கத்திவிளிம்பாக வளையம், அதன் நிழல், பக்கத்தில் நிலவு. முட்டை இல்லை, ரோட்டு லைற் இல்லை. சனி. என்னுடைய வளவிலிருந்து, என்னுடைய ஆடியால், எங்கள் இரண்டு பேருடைய கையால் எடுத்த சனி. நான் போட்ட சத்தத்தில் வேலியில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. கணவர் வாய் நிறையப் பல்பசை நுரையோடு ஓடிவந்து, எனக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அந்த ரோட்டுச் சூட்டுக் கதை சொன்னது ஆர்?" என்றார் நுரைக்குள்ளால்.

"நீங்கதான்."

"சும்மா கேட்டன்."

கல்யாண வீட்டில் ரோட்டு லைற் என்றவளுக்குத்தான் அந்தப் படத்தை முதலில் அனுப்பினேன். அவள் என்ன பதில் போட்டாள் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பதிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பின்னேரம் விறாந்தைக்கு வந்தபோது அட்டைப்பெட்டி அங்கே இல்லை. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டி நான்கு பக்கமும் கிழிக்கப்பட்டு, தட்டையாக, லொறிக்குக் கீழே கிடந்தது. அதன்மேல் மல்லாந்து படுத்து அவர் ஏதோ ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"பெட்டி நல்ல தடிப்பம்," என்றது லொறியின் அடியிலிருந்து வந்த குரல். "முதுகு சுடுதில்ல."

திங்கள் விடிய முதல் அவர் புறப்பட்டார். ஞாயிறு பின்னேரமே ரவுணில் ஒரு கடையில் படத்தை அச்சடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டு எடுத்து வந்திருந்தேன். லொறியில் முன்கண்ணாடிக்கு மேலே பிள்ளையார், முருகன், அம்மன் எல்லோரும் வரிசையாக இருக்கிறார்கள். நான் அதில் ஒரு இடைவெளியைக் காட்டினேன்.

"அதுல வேணாம்," என்றார் அவசரமாக. "நேர வைக்கக்கூடாது." படத்தை என் கையிலிருந்து வாங்கி, பக்கத்து ஆசனத்துக் கதவுக் கண்ணாடியின் மூலையில், பக்கவாட்டாக, நான்கு முனையையும் அழுத்தி அழுத்தி ஒட்டினார். ஓட்டுகிற இடத்தில் இருந்து ஒருமுறை பார்த்துச் சரிபார்த்தார். நேரே பார்த்தால் தெரியாது, கண்ணைச் சரித்தால் தெரியும்.

அன்றைக்குத் திருகோணமலை. அடுத்த நடை கொழும்புக்கு. அரிசி ஏற்றிக்கொண்டு பின்னேரம் வெளிக்கிட்டுப் போனவர், நான் முற்றத்தில் குழாயைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் போன் எடுத்தார். பின்னால் காட்டுத் தவளைகளின் சத்தம் கேட்டது.

"புனாணை தாண்டிட்டன் புள்ள," என்றார். "ரயரும் சுகம். நானும் அவரும் சுகமாப் போறம்."